போல்ட்-ஆன் நெக்: சேடில் அடிவரைக்கும் இறக்கியாச்சு, கம்பி இன்னும் உயரம்தான்

பாலக்கோட்டான்

எல்லாருக்கும் வணக்கம். ஸ்ட்ராட் மாடல் கிடார் ஒண்ணு பெங்களூர்ல பழசா வாங்கியிருக்கேங்க. நாலு ஸ்க்ரூ போட்டுப் பாடியில மாட்டின நெக், 22 ஃப்ரெட் (நெக் மேல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை), பத்து நம்பர் செட் கம்பி. சத்தத்துல ஒரு குறையும் இல்ல, மூணு பிக்கப்பும் (கம்பி அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) நல்லா பேசுது. ஆனா 12-வது ஃப்ரெட்டைத் தாண்டினா கை வைக்கவே முடியல. கம்பி அவ்வளவு தூக்கலா நிக்குது.

சேடில் (பிரிட்ஜ்ல ஒவ்வொரு கம்பியும் படுத்திருக்கிற சின்னத் துண்டு) ஆறையும் முழுசா இறக்கிப் பார்த்துட்டேன். தகட்டுல போய் உட்கார்ந்துடுச்சு, அதுக்குமேல இறங்க இடமே இல்ல. உயரம் வைக்கிற சின்ன ஸ்க்ரூ எல்லாம் சேடிலுக்கு மேல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு, பாம் மியூட் பண்ணும்போது, அதாவது கையைக் கம்பி மேல அமுக்கி வாசிக்கும்போது, உள்ளங்கையைக் கிழிக்குது. டிசம்பர்ல சர்ச் கொயர் இருக்கு, அதுக்குள்ள சரி பண்ணணும். பாலக்கோட்டுலயோ தருமபுரியிலயோ செட்டப் பண்ணத் தெரிஞ்சவங்க யாரும் கிடைக்கல. பெங்களூருக்கே தூக்கிட்டுப் போகணுமா, இல்ல வீட்டுலயே முடியுமா?

மத்தூர்_ரிதம்

டிரஸ் ராடை (நெக்குக்குள்ள ஓடுற இரும்புத் தண்டு) டைட் பண்ணுங்க ப்ரோ. நெக் பின்னால சாயும், கம்பி தானா இறங்கும். என் கிடாருக்கு அப்படித்தான் பண்ணினாங்க.

ஓசூர்_டூல்ரூம்

தம்பி, இப்போதைக்கு டிரஸ் ராடைத் தொடாதீங்க. மத்தூர்க்காரர் நல்ல மனசோடதான் சொல்றார், ஆனா இந்தக் கிடாருக்கு அது மருந்து இல்ல. டிரஸ் ராட் நெக்கோட நடுப்பகுதி வளைவை மட்டும்தான் மாத்தும். நெக் பாடிக்குள்ள எந்தக் கோணத்துல உட்கார்ந்திருக்குங்கிறதை அதால மாத்தவே முடியாது. உங்களுக்குத் தொல்லை 12-க்கு மேல. அந்த இடம் பாடியோட இறுகிக் கிடக்கு, அங்க ராடுக்கு வேலை ரொம்பக் கம்மி. உயரத்தைக் குறைக்கிறதுக்காக ராடை முறுக்கிக்கிட்டே போனா முதல் அஞ்சு ஃப்ரெட்டும் இரைய ஆரம்பிக்கும். இன்னும் முறுக்கினா ராடு முனையில இருக்கிற நட்டோட மரை போயிடும். அதுக்கப்புறம் நெக்கையே மாத்தணும்.

முதல்ல அளவு சொல்லுங்க. அளவு இல்லாம என்ன பேசினாலும் அது யூகம்தான். எனக்கு வேணும்கிறது:

ஒண்ணு, நெக்கோட வளைவு. 1-வது ஃப்ரெட்டுல கேப்போ (எல்லாக் கம்பியையும் அமுக்கிப் பிடிக்கிற கிளிப்) போட்டு, 6-வது கம்பியை, அதாவது தடிமனானதை, கடைசி ஃப்ரெட்டுல அழுத்திப் பிடிங்க. இப்போ கம்பியே ஒரு நேர்கோல் ஆயிடும். 8-வது ஃப்ரெட் மேல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. ஃபீலர் கேஜ் (தடிமன் குறிச்ச மெல்லிசுத் தகட்டு இலைகள்) உங்க ஊர் டூ-வீலர் மெக்கானிக் யார்கிட்ட கேட்டாலும் கிடைக்கும், டேப்பெட் வைக்கிறதுக்கு வச்சிருப்பாங்க. 0.25 மி.மீ. இலை உரசாம உரசிப் போனா சரியான வளைவு. ஃப்ரெட்போர்டு முதுகு வளைவோட ரேடியஸ் 9.5 இஞ்சுல இருந்து 12 இஞ்சு வரைக்கும் இருந்தா, ஸ்ட்ராட் செய்ற ஃபெண்டர் கம்பெனி சொல்ற அளவும் அதுதான்.

ரெண்டு, கேப்போவை எடுத்துட்டு, கிடாரை வாசிக்கிற நிலையில வச்சு, 12-வது ஃப்ரெட்டுல 6-வது கம்பிக்கும் 1-வது கம்பிக்கும் அடியில உயரம். ஸ்டீல் ஸ்கேல்ல சைபர் கோடு ஓரத்துலயே ஆரம்பிக்குதான்னு பார்த்துக்கோங்க. பல ஸ்கேல்ல கொஞ்சம் விட்டுத்தான் கோடு தொடங்கும். ஸ்கேலை நம்பாட்டி டிரில் பிட்டோட தண்டை உள்ள விட்டுப் பாருங்க. 2 மி.மீ. பிட் கம்பியைத் தூக்காம நுழைஞ்சா உயரம் 2-க்கு மேல.

மூணு, டிரெமோலோ பிரிட்ஜ் பாடி மேல படிஞ்சு கிடக்கா, முன்னால சாஞ்சு நிக்குதா? பின்பக்க ஸ்பிரிங் தளர்ந்து பிரிட்ஜ் தூக்கியிருந்தா, கம்பி உயரத்துக்கு அதுவே காரணமா இருக்கலாம். அப்படி இருந்தா நெக்கைக் கழட்டவே வேண்டியதில்ல.

தேன்கனி

டூல்ரூம் அண்ணன் கேட்டதோட இன்னொண்ணையும் பாருங்க தம்பி. 3-வது ஃப்ரெட்டுல கம்பியை அழுத்திக்கிட்டு, 1-வது ஃப்ரெட் மேல மெதுவா தட்டுங்க. முடி அளவுக்கு இடைவெளி இருந்து லேசா டிக்னு சத்தம் வந்தா நட் (நெக்கோட தலைப்பக்கம் கம்பி உட்கார்ற பள்ளம் போட்ட துண்டு) சரியா இருக்கு. அங்கேயே அரை மி.மீ. தெரிஞ்சா நட் பள்ளம் உயரம். எஃப் கார்டு பிடிக்க விரல் வலிக்குதுன்னு வர்ற பிள்ளைங்க பாதிப்பேருக்கு நட்தான் காரணம். பிரிட்ஜ் பக்கம் எவ்வளவு இறக்கினாலும் அவங்க வலி போகாது.

பாலக்கோட்டான்

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு மெக்கானிக் கடையில ஃபீலர் கேஜ் வாங்கிட்டு வந்து அளந்தேன்.

8-வது ஃப்ரெட்டுல இடைவெளி 0.5. 12-வது ஃப்ரெட்டுல 6-வது கம்பி 2.9 மி.மீ., 1-வது கம்பி 2.5. பிரிட்ஜ் பாடியோட ஒட்டித்தான் கிடக்கு, ஒரு பேப்பர்கூட நுழையல. நட் பக்கம் அக்கா சொன்ன மாதிரி டிக்னு கேட்குது, அங்க பிரச்சினை இல்லன்னு நினைக்கிறேன்.

ஓசூர்_டூல்ரூம்

அருமையா அளந்திருக்கீங்க. 0.5 வளைவு அதிகம், அதனால டிரஸ் ராடுக்கும் இங்க ஒரு சின்ன வேலை இருக்கு. வளைவை 0.25-க்குக் கொண்டுவர மட்டும்தான், அதுக்குமேல இல்ல. ஆசியாவுல செஞ்ச கிடார் பெரும்பாலும் 4 மி.மீ. ஆலன் கீ எடுக்கும். கீ அடிவரைக்கும் ஆழமா உட்காரணும், மேலோட்டமா மாட்டித் திருப்பினா ஓட்டை வட்டமாயிடும். வலச்சுழியா கால் சுத்து, திரும்ப டியூன், திரும்ப அளவு. மரம் இழுத்துக்க நேரம் எடுக்கும், ஒரு ராத்திரி விட்டு மறுநாளும் ஒரு தடவை பாருங்க. சாதாரணக் கை பலத்துக்குத் திரும்பலேன்னா அதோட நிறுத்திட்டு இங்க எழுதுங்க.

அப்புறம் 6-வது கம்பி உயரம் எவ்வளவுன்னு சொல்லுங்க. 2.7 பக்கம் வரும்னு நினைக்கிறேன். மிச்சம் இருக்கிறது நெக் கோணம், அதுக்கு ஷிம்தான், நெக் அடியில வைக்கிற மெல்லிசுத் தகடு.

தகடூர்_கிடார்

ஷிம் போடுறதுக்கு முன்னால தம்பி ஒரு விஷயம் யோசிக்கணும். எவ்வளவு உயரம் வேணும்கிறது வாசிக்கிற கையைப் பொறுத்தது. நான் மெல்லிசைக் குழுவுல திருவிழா மேடைகள்ல வாசிக்கிறவன். ராத்திரி முழுக்கத் திறந்தவெளி, டிரம்ஸ் பக்கத்துல, ரிதம் ஓங்கி அடிக்கணும். 12-வது ஃப்ரெட்டுல 2.2-க்குக் கீழ நான் இறக்கவே மாட்டேன். இறக்கினா கம்பி ஃப்ரெட்டுல அடிச்சு ஸ்வரம் கூழாயிடும், நீட்டிப்பு போயிடும். இணையத்துல 1.2, 1.3-ன்னு நம்பர் போடுறாங்க. மெல்லிசா பிக் பண்றவங்களுக்கு அது சரி, ஃப்ரெட் எல்லாம் மட்டமா இருந்தா. கொயர்ல கார்டு அடிக்கிற பிள்ளைக்கு 1.8, 2.0 தாராளம்.

மத்தூர்_ரிதம்

ஃபெண்டரே 1.6-னு சொல்லியிருக்கே அண்ணா?

தகடூர்_கிடார்

அது 17-வது ஃப்ரெட்டுல அளந்த அளவு தம்பி. நாம பேசுறது 12-வது. எந்த ஃப்ரெட்னு சொல்லாத நம்பரை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. 17-ல 1.6 வச்சா 12-ல அதைவிடக் கம்மியா இருக்கும். அப்படி வச்சு மேடையில வாசிக்கிறவங்களும் இருக்காங்க, தப்பில்ல. என் கைக்கு ஆகாது.

பாலக்கோட்டான்

டிரஸ் ராட் கால் சுத்துலயே பிடி கிடைச்சுது. மறுநாள் பார்த்தப்ப 8-வது ஃப்ரெட்டுல 0.25 இலை சரியா உரசுது. 6-வது கம்பி இப்போ 2.7, 1-வது 2.3. சேடில் எல்லாம் அடியிலதான்.

ஷிம்னா என்ன வைக்கணும்? எங்க வைக்கணும்? ஒரு வீடியோல விசிட்டிங் கார்டை மடிச்சு வைக்கிறாங்க, இன்னொருத்தர் அது கிடாரையே கெடுத்துடும்கிறார்.

ஓசூர்_டூல்ரூம்

எங்கேன்னு முதல்ல. பாடியில நெக் உட்கார்ற பள்ளம் இருக்கே, அதுல பிரிட்ஜ் பக்க ஓரத்துல உயரம் கொடுக்கணும். அந்த முனை தூக்கினா ஹெட்ஸ்டாக் (கம்பி முறுக்குற தலைப்பகுதி) பின்னால சாயும், கம்பி ஃப்ரெட்டை நெருங்கும். மாத்தி, ஹெட்ஸ்டாக் பக்க ஓரத்துல வச்சா உயரம் இன்னும் ஏறிடும். சேடிலை உச்சிக்கு ஏத்தியும் கம்பி ஃப்ரெட்ல படுத்துக் கிடக்கிற கிடாருக்கு அந்தப் பக்கம் வைக்கணும்.

எவ்வளவுங்கிறதைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். ஸ்ட்ராட் அளவுக் கிடார்ல கம்பி நீளம் 648 மி.மீ. பள்ளத்தோட நீளம் ஏறக்குறைய 76. பள்ளத்தோட முன் ஓரத்துல, அதாவது ஹெட்ஸ்டாக் பக்க ஓரத்துல இருந்து சேடில் வரைக்கும் சுமார் 260. முன் ஓரம் கீல் மாதிரி நிக்குது, பின் ஓரம் தூக்குது. பின் ஓரத்துல எவ்வளவு தூக்குறோமோ, சேடில் இடத்துல அதைப்போல 3.4 மடங்கு பலன். 12-வது ஃப்ரெட் கம்பியோட நட்ட நடு, அங்க அதுல பாதி.

உங்களுக்கு 0.66 மி.மீ. போதும், அரை டிகிரி கோணம்னு விக்கிறாங்களே, அதோட தடிமன் அதுதான். சேடில்ல 2.2-க்கு மேல பலன் வரும், 12-வது ஃப்ரெட்டுல 1.1. இப்போ இருக்கிற 2.7, 1.6-க்கு வந்துடும். அது சேடில் அடியில இருக்கும்போது. அப்புறம் சேடிலை ஏத்தி 1.9, 2.0 வச்சுக்கலாம். ஸ்க்ரூ முனையும் சேடிலுக்குள்ள போயிடும், கையைக் கிழிக்காது. சேடில் ஸ்க்ரூ 3 மி.மீ. மரைன்னா ஒரு முழுச் சுத்துக்கு அரை மி.மீ. ஏறும், 12-வது ஃப்ரெட்டுல கால் மி.மீ. தெரியும். ஒன்றரைச் சுத்து ஏத்தினா உங்க இடம் வந்துடும்.

பர்கூர்_கல்

கணக்கு எல்லாம் சரி சார். என்ன பொருள் வைக்கிறதுங்கிறதுல என் கருத்தைச் சொல்றேன். விசிட்டிங் கார்டுத் துண்டை ஓரத்துல மட்டும் வச்சா, நெக் ஓரத்துல கார்டு மேலயும் முன்னால பாடி மேலயும் மட்டும்தான் நிக்கும், நடுவுல காத்து. நாலு ஸ்க்ரூ அந்த வெத்திடத்தை நோக்கியே இழுத்துக்கிட்டு இருக்கும். வருஷக்கணக்குல அப்படியே கிடந்தா நெக்கோட அடிக்கட்டை வளைஞ்சு, 16-வது ஃப்ரெட்டுக்கு மேல மேடு தட்டும். எங்க ஊர் வெயில்ல அது சீக்கிரமே நடக்கும்னு நான் நம்புறேன். பள்ளம் முழுக்க நிரப்புற ஆப்பு வடிவ மரத்தகடுதான் ஒழுங்கான வேலை.

தகடூர்_கிடார்

அவ்வளவு பயப்பட வேண்டியதில்லைங்க. ஃபெண்டர் தொழிற்சாலையிலயே பழைய காலத்துல சின்னத் துண்டு ஷிம் போட்டுத்தான் அனுப்பியிருக்காங்க. 1970-கள்ல மைக்ரோ டில்ட்னு ஒரு ஏற்பாடே வந்துச்சு. பின்தகட்டுல இருக்கிற ஓட்டை வழியா ஆலன் கீ விட்டுத் திருப்பினா ஒரு ஸ்க்ரூ நெக்கைத் தள்ளிச் சாய்க்கும். அதுலயும் நடுவுல காத்துதானே? அந்தக் கிடார்கள் இன்னமும் மேடையில பாடிக்கிட்டு இருக்கு. என் ரெண்டாவது கிடார்ல கார்டுத் துண்டுதான் இருக்கு, ஒரு மேடும் தட்டல.

பர்கூர்_கல்

உங்க கிடார் நல்லா இருக்கிறதுல எனக்குச் சந்தோஷம் அண்ணா. ஆனா மேடு தட்டின நெக்கை நான் கையில வச்சுப் பார்த்திருக்கேன். 17-ல இருந்து எந்தக் கம்பியை அமுக்கினாலும் ஒரே சத்தம், ஃப்ரெட்டை அரம் போட்டு இறக்கித்தான் சரிபண்ண வேண்டியிருந்துச்சு. புதுசா ஒருத்தர் வேலை கத்துக்கும்போது முழு ஆப்பையே கத்துக்கட்டும்.

ஓசூர்_டூல்ரூம்

ரெண்டு பேர் பேச்சுலயும் விஷயம் இருக்கு. நான் ரெண்டையும் சேர்த்துச் சொல்றேன். முதல்ல கார்டை வச்சு எவ்வளவு தடிமன் தேவைன்னு உறுதி பண்ணிக்கோங்க, அது சோதனைக்கு. பிறகு அந்த அளவுல மர ஆப்பு செஞ்சு நிரந்தரமா வைங்க. மேடு தட்டுமா தட்டாதாங்கிற விவாதமே அப்போ தேவையில்ல.

ஆப்பு செய்ய, ஃபர்னிச்சர் வேலைக்கு விக்கிற தேக்கு வெனீர் வாங்குங்க, 1 மி.மீ. தடிமன்ல. மெல்லிசா கிடைச்சா ரெண்டை ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேல சமமா பாரம் வச்சுக் காயவிடுங்க. பள்ளத்து வடிவத்தை அட்டையில வெட்டி, அது மாதிரியே வெனீரை வெட்டுங்க. ஸ்க்ரூ ஓட்டையும் போட்டுக்கோங்க. ஒரு மரக்கட்டையில ரெண்டு பக்க டேப் போட்டு ஒட்டி, எந்த முனை மெல்லிசாகணுமோ அந்த முனையில அழுத்தம் கொடுத்து 150 நம்பர் உப்புத்தாள்ல தேய்க்கணும். உப்புத்தாள் கிடக்கிற இடம் துல்லியமா மட்டமா இருக்கணும்.

பர்கூர்_கல்

அதுக்கு எங்க ஊர் கல்லுதான். பர்கூர், கிருஷ்ணகிரி பக்கம் எந்த கிரானைட் பட்டறைக்குப் போனாலும் பாலிஷ் போட்ட துண்டுக் கல் கழிவுல கிடக்கும், கேட்டாலே கொடுப்பாங்க. ஒரு அடிக்கு ஒரு அடி போதும். கண்ணாடி வளையும், பலகை வளையும், அந்தக் கல் அசையாது.

ஓசூர்_டூல்ரூம்

ஆமா, எங்க டூல்ரூம்ல அளவு பார்க்கிற சர்ஃபேஸ் பிளேட்டே கிரானைட்தான். நல்ல யோசனை.

நெக்கைக் கழட்டும்போது கவனிக்க வேண்டியதையும் எழுதிடறேன். கம்பியை நல்லா தளர்த்திட்டு 1-வது ஃப்ரெட்டுல கேப்போ போட்டுட்டா கம்பி சிதறாது, கழட்டவும் வேண்டாம். பின்பக்க ஸ்க்ரூவுக்குச் சரியான நட்சத்திர முனை, கை ஸ்க்ரூடிரைவர் மட்டும். கரண்ட்ல ஓடுற டிரில் மெஷின் வேண்டவே வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை ஓட்டையில வச்சு முதல்ல இடச்சுழியா திருப்புங்க. சொட்டுனு லேசா ஒரு இடத்துல விழும், விரலுக்கே தெரியும். பழைய மரைப் பாதையில ஸ்க்ரூ உட்கார்ந்த இடம் அது. அங்கிருந்து வலச்சுழியா ஏத்தினா அதே பாதையில போகும். அந்தச் சொட்டுக்குக் காத்திருக்காம நேரா முறுக்கினா புதுசா ஒரு மரை வெட்டும், நாலஞ்சு தடவை கழட்டி மாட்டினதும் மேப்பிள் கட்டை மாவாயிடும். ஸ்க்ரூ நுனியில மெழுகுவத்தியைத் தேய்ச்சுக்கோங்க. குறுக்கு மூலையா மாத்தி மாத்தி இறுக்குங்க.

இன்னொண்ணு, பாடியில இருக்கிற ஓட்டையில ஸ்க்ரூ தடையில்லாம வழுக்கிப் போகணும். அங்கேயும் மரை பிடிச்சா பாடியும் நெக்கும் ஒண்ணையொண்ணு இழுக்காது, எவ்வளவு முறுக்கினாலும் நடுவுல இடைவெளி நிக்கும். விலை கம்மியான கிடார்கள்ல இதை நிறையப் பார்க்கலாம். அப்படி இருந்தா பாடி ஓட்டையை மட்டும் ஒரு அளவு பெருசாக்கணும்.

காவேரிப்பட்டணம்_பேஸ்

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். பேஸ் கிடாருக்கும் இதே கணக்கு ஒத்து வருமா சார்? என்னோடது 34 இஞ்சு, அதுவும் போல்ட்-ஆன்தான், நாலு சேடில்ல ரெண்டு மட்டும் அடியில உட்கார்ந்திருக்கு, மத்த ரெண்டும் மேல.

பாலக்கோட்டான்

ஆப்பு போட்டாச்சுங்க! கார்டு வச்சுப் பார்த்தப்ப ரெண்டு மடிப்புல கிட்டத்தட்ட அண்ணன் சொன்ன தடிமன்தான் வந்துச்சு. அப்புறம் தேக்கு வெனீர்ல செஞ்சேன். பர்கூர் அண்ணன் சொன்ன மாதிரி கல் ஒண்ணு வாங்கினேன். தேய்க்கும்போது மெல்லிசு முனை காகிதம் மாதிரி ஆகி வெளிச்சம் தெரிஞ்சுது, அந்த இடத்துல உப்புத்தாளை 400-க்கு மாத்திக்கிட்டேன். நெக் உட்கார்ந்தப்ப பக்கத்துல ஒரு இடைவெளியும் இல்ல. அந்தச் சொட்டு சத்தம் நாலு ஸ்க்ரூவுலயும் கிடைச்சுது அண்ணா.

இப்போ 6-வது கம்பி 1.9, 1-வது 1.6. 12-க்கு மேல விரல் ஓடுது. உள்ளங்கையில ஸ்க்ரூ படல. டியூனிங்கும் நிக்குது.

ரெண்டு சந்தேகம் மட்டும். 2-வது கம்பியை 15-வது ஃப்ரெட்டுல ஒரு முழு ஸ்வரம் வளைச்சா பாதியில சத்தம் அமுங்கிடுது. அப்புறம், பிரிட்ஜ் பக்க பிக்கப் முன்னைவிட மெலிசா கேட்குது.

ஓசூர்_டூல்ரூம்

ரொம்ப சந்தோஷம் தம்பி. பிக்கப் விஷயம் எதிர்பார்த்ததுதான். நெக் சாஞ்சு சேடில் ஏறினதால, பிரிட்ஜ் பிக்கப்புக்கு மேல கம்பி அரை மி.மீ. விலகியிருக்கும், நெக் பிக்கப்புக்கு மேல கால் மி.மீ. போல நெருங்கியிருக்கும். பிரிட்ஜ் பிக்கப்பை அந்த அளவு ஏத்துங்க, நெக் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்குங்க. நெக் பிக்கப்பை ரொம்பக் கிட்ட விட்டா காந்தம் தடிமனான கம்பியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுல ஸ்வரம் அலையற மாதிரி கேட்கும். அதை நெக் கோளாறுன்னு நினைச்சு யாரும் திரும்பக் கழட்டிடக் கூடாது.

வளைக்கும்போது அமுங்குறது ஃப்ரெட்போர்டு முதுகு வளைவால. கம்பியை நடுப்பக்கம் தள்ளும்போது அது மேட்டை நோக்கிப் போகுது, மேல இருக்கிற ஃப்ரெட்டுல தட்டுது. 1, 2, 3 கம்பி சேடில் மூணையும் கால் சுத்து ஏத்திப் பாருங்க. போகலேன்னா அரைச் சுத்து. அப்பவும் அதே ஒரே ஃப்ரெட்டுல அமுங்கினா அங்க ஒரு ஃப்ரெட் தூக்கியிருக்கு. சின்ன ஸ்டீல் துண்டை மூணு ஃப்ரெட் மேல வச்சு ஆட்டிப் பாருங்க, நடு ஃப்ரெட் உயரமா இருந்தா டக்டக்னு ஆடும்.

தேன்கனி

இன்டொனேஷன் (மேல் ஃப்ரெட்டுலயும் ஸ்வரம் சரியா நிக்குதாங்கிறது) பார்த்தீங்களா தம்பி? உயரம் மாறினா அழுத்தும்போது கம்பி நீள்ற அளவும் மாறும். 12-வது ஃப்ரெட்டுல ஹார்மோனிக்கையும் (அழுத்தாம லேசா தொட்டு எடுக்கிற ஸ்வரம்) அழுத்தின ஸ்வரத்தையும் டியூனர்ல ஒப்பிடுங்க. அழுத்தினது ஏறியிருந்தா சேடிலைப் பின்னால தள்ளுங்க, இறங்கியிருந்தா முன்னால.

இன்னொரு விஷயம், தருமபுரி மாவட்டத்து ஏப்ரல், மே வெயில்ல மரம் நல்லா காய்ஞ்சு போகும், ஐப்பசி மழையில ஈரம் இழுக்கும். ரெண்டு காலத்துக்கும் நெக் ஒரே மாதிரி நிக்காது. நான் இருக்கிற பக்கம் குளிர், அங்க ஒரு கச்சேரிக்கு வந்தா இங்க இருந்த வளைவு அங்க இருக்கிறதில்ல. அப்போ தொட வேண்டியது டிரஸ் ராடைத்தான், அதுவும் கால் சுத்துக்குள்ள. ஷிம்மையும் சேடிலையும் விட்டுடுங்க.

மத்தூர்_ரிதம்

அப்போ என் கிடாரையும் அளக்கணும் போல. வளைவு எவ்வளவு இருக்குன்னு பார்க்காமலேதான் முறுக்கியிருக்காங்க, முதல் மூணு ஃப்ரெட் கொஞ்சம் இரையுது. நாளைக்கு ஃபீலர் கேஜ் வாங்கிட்டு வந்து எழுதறேன்.

பாலக்கோட்டான்

கால் சுத்து ஏத்தினதும் வளைச்சா முழுசா பாடுது அண்ணா. 1-வது கம்பி இப்போ 1.7. இன்டொனேஷன்ல 3-வது கம்பி மட்டும் ஏறியிருந்துச்சு, சேடிலைப் பின்னால தள்ளிட்டேன். பிக்கப்பும் வச்சாச்சு. எல்லாருக்கும் மனசார நன்றி.

ஓசூர்_டூல்ரூம்

காவேரிப்பட்டணத்துத் தம்பி, உங்க கேள்வியை மறக்கல. கணக்கு முறை அதேதான், நம்பர் மட்டும் மாறும். பள்ளத்தோட நீளத்தையும், பள்ளத்து முன் ஓரத்துல இருந்து சேடில் வரைக்கும் இருக்கிற தூரத்தையும் நீங்களே அளந்துக்கோங்க. ரெண்டாவதை முதலாவதால வகுத்தா உங்க மடங்கு வரும். பேஸ் கம்பி ஆடுற வீச்சு அதிகம், 12-வது ஃப்ரெட்டுல கிடார் அளவுக்கு இறக்கணும்னு நினைக்காதீங்க. சேடில் ரெண்டு மட்டும் அடியில, மத்த ரெண்டும் மேலன்னு சொல்றீங்க. நெக் பள்ளத்துல பக்கவாட்டுல சாஞ்சு உட்கார்ந்திருக்கான்னு முதல்ல பாருங்க. பள்ளத்துல பெயிண்ட் கட்டி, மரத்தூள் ஏதாவது ஒட்டியிருந்தாலே அப்படி ஆகும். சுரண்டி எடுத்துட்டு மாட்டிப் பாருங்க, ஷிம் தேவைப்படாமலே போகலாம். அளவோட எழுதுங்க.